கல்லறையில் பெயர் பெற்ற கல்

கீழ்க்கட்டளை ஏரிக்கரையில் மாலை வேளையில் நின்று வடமேற்கே பார்த்தால் திரிசூலம், பல்லாவரம் பக்கத்துக் குன்றுகள் தெரியும். முன்பு தடையின்றித் தெரிந்தவை இப்போது அடுக்குமாடிகளின் இடைவெளிகளில் துண்டுதுண்டாகத் தெரிகின்றன. சில குன்றுகளின் ஒரு பக்கம் இயல்பான சரிவாக இறங்குகிறது. மறுபக்கம் கத்தியால் அரிந்ததுபோல் செங்குத்தாக நிற்கிறது. அரிந்த பக்கம் மனிதன் செய்தது என்று சொல்லத் தேவையில்லை.

இந்தக் கல்லுக்கு என்ன பெயர் என்று இப்பகுதிக் கொத்தனார் ஒருவரிடம் கேட்டால் 'கருங்கல்' என்பார். கட்டடப் பொறியாளர் 'கிரானைட்' என்பார். நிலவியல் படித்தவர் மட்டும் சற்று நிமிர்ந்து 'சார்னாக்கைட்' என்பார். நார்வேயிலோ, மடகாஸ்கரிலோ, பிரேசிலிலோ, அண்டார்க்டிகாவின் பனியோரத்திலோ இதே வகைப் பாறையைக் காண்கிற ஆய்வாளரும் அதே சொல்லைத்தான் தம் குறிப்பேட்டில் எழுதுகிறார். அச்சொல்லுக்கு மூலமான கல், நாம் அன்றாடம் பேருந்து ஏறும் இடத்திலிருந்து நாலைந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ஆனால் சொல் இங்கிருந்து பிறக்கவில்லை. கல்கத்தாவில் ஒரு கல்லறையிலிருந்து பிறந்தது. அந்தக் கதையைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

முதலில் நிலம். தென்சென்னையின் நிலத்தைக் கிழக்கிலிருந்து மேற்காக நடந்து பார்ப்பது நல்லது. கடற்கரையில் மணல்மேடு, அதற்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய் ஓடும் தாழ்வு, அதற்கும் மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, பிறகு மெல்ல மெல்ல உயரும் ஏரிப் படிகள். கீழ்க்கட்டளை ஏரி நிரம்பினால் நாராயணபுரம் ஏரிக்கும், அங்கிருந்து சதுப்புக்கும், சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகக் கோவளம் முகத்துவாரத்துக்கும் நீர் போகவேண்டும் என்பது பழைய ஏற்பாடு. 2015 டிசம்பரில் அந்த நீர் தன் பழைய வழியை நினைவுவைத்திருந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். பள்ளிக்கரணை 2022-இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஏறத்தாழ ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றைக்கும் சற்று மேலே இருந்தது என்பது கீழைக் கடற்கரை முழுவதற்கும் பொருந்தும் முடிவு. அன்று இத்தாழ்நிலத்தில் கடல்நீர் புகுந்திருக்க, இக்குன்றுகள் அதன் கரையில் நின்றிருக்கக்கூடும். சமவெளியில் திடீரென்று தனித்து எழும் இத்தகைய குன்றுகளுக்கு ஜெர்மன் மொழியில் 'தீவு மலை' என்றே பொருள்படும் ஒரு சொல் உண்டு. நிலவியலாளர்கள் அதையே உலகெங்கும் கையாள்கிறார்கள். மழைக்காலத்தில் பரங்கிமலை உச்சியிலிருந்து தெற்கே பார்த்தவர்களுக்கு அச்சொல் மிகையாகத் தோன்றாது.

இனிப் பாறை. இதன் வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். எண்ணைச் சொல்லிவிடலாம்; மனம் அதைப் பிடித்துக்கொள்ளாது. பிடித்துக்கொள்ளக்கூடியது வேறொன்று. இப்பாறை இருபது முப்பது கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு முதல் தொள்ளாயிரம் பாகை செல்சியஸ் வெப்பத்தில், நீரின் ஈரம் ஏறக்குறைய அற்ற நிலையில் உருவானது. நீர் இருந்திருந்தால் வழக்கமான கிரானைட்டில் காணப்படும் அபிரகம் போன்ற கனிமங்கள் தோன்றியிருக்கும். அது இல்லாததால் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் தோன்றியது. குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் ஹைப்பர்ஸ்தீனும் சேர்ந்த கலவைதான் சார்னாக்கைட். புதிதாக உடைத்த முகத்தைப் பார்த்தால் எண்ணெய் தடவியதுபோன்ற பசுங்கருமை. அதற்குள் குவார்ட்ஸ் மணிகள் லேசாக நீலம் காட்டும். வெயிலும் மழையும் பட்ட பழைய முகம் பழுப்பேறிவிடும். அதனால்தான் குன்றின் இயல்பான சரிவு ஒரு நிறமாகவும் வெட்டுமுகம் வேறு நிறமாகவும் இருக்கின்றன.

அவ்வளவு ஆழத்தில் இருந்தது எப்படி மேலே வந்தது? மேலிருந்தவை எல்லாம் கரைந்துபோயின என்பதுதான் பெரும்பகுதி விடை. நிலம் மெல்ல உயர்ந்துகொண்டே வர, காற்றும் நீரும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மேலே அரித்துக்கொண்டே இருந்தன. திரிசூலக் குன்றின்மேல் நிற்கிறவர் ஒரு சிறு மலையின் உச்சியில் நிற்பதாக நினைக்கிறார். அவர் நிற்பது பூமியின் பழைய மேலோடு ஒன்றின் அடித்தளத்தில்.

இப்பாறை உருகிய குழம்பு நேரடியாக இறுகியதா, முன்பிருந்த வேறு பாறை வெப்பத்தால் மாறியதா என்பது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நீண்ட வழக்கு. பெயரிட்டவர் முதல் கட்சி. 1960-இல் சி.எஸ். பிச்சமுத்து, கர்நாடகத்தின் கப்பல்துர்க்கம் பாறைகளில் வெளிறிய நைஸ் பாறைக்குள் கரிய சார்னாக்கைட் திட்டுத்திட்டாகத் தோன்றியிருப்பதைக் காட்டி, இரண்டாம் கட்சிக்கு வலுவான சாட்சியம் அளித்தார். இரு வழிகளிலும் உருவாகலாம் என்பதே இன்றைய நிலை. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு, ஒரு கல்லைப் பற்றி இவ்வளவு காலம் மல்லுக்கட்டியிருக்கிறார்களே என்பதே வியப்பு.

இப்போது கல்லறைக்கு வருவோம். ஜாப் சார்னாக் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காள ஊழியர். முகலாயருடன் ஏற்பட்ட மோதலால் வங்காளத்தை விட்டு விலகி, 1689-இல் சென்னைக்கு வந்து தங்கியிருந்தார். அவருடைய மகள்களுக்கு அவ்வாண்டில் கோட்டைக்குள் உள்ள புனித மேரி தேவாலயத்தில் திருமுழுக்கு நடந்தது. 1690 ஆகஸ்ட் 24 அன்று ஹூக்ளிக் கரையில் சுதாநுதியில் மீண்டும் இறங்கினார். அதுவே கல்கத்தாவின் பிறந்தநாள் என்று பின்னாளில் கொண்டாடினார்கள். 1693 ஜனவரியில் இறந்தார். அவருடைய மருமகன் சார்லஸ் ஐர் எட்டுப்பட்டைக் கல்லறை மண்டபம் ஒன்றைக் கட்டினார். அது இன்றும் புனித ஜான் தேவாலய வளாகத்தில் இருக்கிறது. மண்டபத்தினுள் லத்தீன் எழுத்துகள் பொறித்த கரும்பலகைக் கல் ஒன்று உண்டு.

வங்காளத்து வண்டல் மண்ணில் கல் கிடையாது. அக்கல் எங்கிருந்தோ கப்பலில் வந்திருக்கவேண்டும். இருநூறு ஆண்டுகள் யாரும் கேட்காத அக்கேள்வியைக் கேட்டவர் தாமஸ் ஹென்றி ஹாலண்ட். 1890-இல் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையில் சேர்ந்தபோது அவருக்கு வயது இருபத்திரண்டுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ. சென்னை மாகாணத்தில் பார்த்த பாறைகளும் இக்கல்லறைப் பலகையும் ஒன்றே என்பதை அவர் நுண்ணோக்கியின் வழியே கண்டார். பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளிலிருந்து சென்ற கல் அது. 1893-இல் வங்காள ஆசியக் கழகத்தின் இதழில் சார்னாக்கின் கல்லறைக் கல்லைப் பற்றிய அவருடைய கட்டுரை வெளியாயிற்று. பெயரில்லாத இப்பாறை வகைக்கு, தன்னை அறியாமலேயே அதன் மாதிரியைத் தலைநகருக்கு வரவழைத்துவிட்ட கல்கத்தா நிறுவனரின் நினைவாக 'சார்னாக்கைட்' என்ற பெயரை முன்மொழிந்தார். 1900-இல் தென்னிந்தியச் சார்னாக்கைட் தொகுதியைப் பற்றி அவர் எழுதிய விரிவான நூல் அப்பெயரை உலகப் பெயராக்கியது.

ஹாலண்டின் நகைச்சுவையை நாம் ரசிக்கலாம். பிணத்தோடு போன கல், பிணத்தின் பெயரைப் பெற்றுத் திரும்பிவந்தது. ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. இம்மலை அறிவுலகுக்கு மலையாக அறிமுகமாகவில்லை. வெட்டி, இழைத்து, எழுத்துப் பொறித்துக் கப்பலேற்றிய பலகையாகவே அறிமுகமாயிற்று. 2003-இல் கல்கத்தா உயர்நீதிமன்றம், அந்நகரை நிறுவியவர் என்று எவரையும் சொல்ல இயலாது, அதற்குப் பிறந்தநாளும் இல்லை என்று தீர்ப்பளித்தது. பாடநூல்களிலிருந்து சார்னாக்கின் நிறுவனர் பட்டம் நீங்கிற்று. எந்தப் பட்டத்தை முன்னிட்டு ஹாலண்ட் கல்லுக்குப் பெயரிட்டாரோ அந்தப் பட்டம் போய்விட்டது. கல்லின் பெயர் அப்படியே நிற்கிறது.

பெயர் பொறிப்பதென்றால் இம்மலையில் அதற்கு ஆயிரம் ஆண்டு முன்பே ஒருவர் முயன்றிருக்கிறார். பல்லாவரத்துக் குன்றில் ஐந்து கருவறைகள் கொண்ட ஒரு குடைவரை இருக்கிறது. முதலாம் மகேந்திரவர்மன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்தது. அதில் அவன் தன் பட்டப்பெயர்களை வரிசையாகப் பொறித்துவைத்தான். மத்தவிலாசன், விசித்திரசித்தன் என்று நாம் வேறிடங்களிலும் காணும் பெயர்கள்தாம். பிற்காலத்தில் அக்குடைவரை இசுலாமியர் வழிபடும் இடமாயிற்று. பல்லவ உளிக்குப் பழக்கமான கற்களுள் இது எளிதில் வசப்படாத கல். குடைவரையின் எளிமைக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது எங்கள் ஊகம். ஒரே மலைக் கல்லில் பல்லவர் எழுத்து பல்லாவரத்தில், லத்தீன் எழுத்து கல்கத்தாவில். உலகம் இரண்டாவதைத்தான் படித்தது. ஹாலண்ட் கல்கத்தாவில் பணியாற்றாமல் பல்லாவரத்தில் குடியிருந்திருந்தால் உலகம் இன்று 'மத்தவிலாசைட்' என்று சொல்லிக்கொண்டிருக்குமோ என்று எங்களில் ஒருவர் கேட்டார். சிரித்தோம்.

இக்குன்றுகளைச் சுற்றி அறிவியல் வரலாற்றின் வேறு இரு தொடக்கங்களும் இருக்கின்றன. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் இந்தியப் பெருநிலத்தை அளக்கும் பணியைப் பரங்கிமலை அடிவாரச் சமவெளியில் தொடங்கினார். நூறு அடிச் சங்கிலியை நானூறு முறை கிடத்தி எடுத்து, தெற்கே பெரும்பாக்கம் குன்றுவரை ஏழரை மைல் நீள அடிக்கோட்டை அளக்க ஐம்பத்தேழு நாள் ஆயிற்று. வரைபடத்தில் இரு முனைகளையும் ஒரு அளவுகோலால் இணைத்துப் பாருங்கள். கோடு எங்கள் பகுதியை ஒட்டியே போகும். இமயம் வரை நீண்ட அளவைக்கு இங்குள்ள தனிக்குன்றுகள் கண்ணுக்கு எட்டும் குறிகளாக உதவின.

மற்றது இன்னும் புகழ்பெற்றது. 1863 மே 30 அன்று நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்துப் படை மைதானத்தருகே சரளைக்காகத் தோண்டிய குழியொன்றில் செதுக்கிய கல் ஒன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்பதற்குக் கிடைத்த முதல் சான்று அதுவே. சில மாதங்களில் அதிராம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. அங்கு கிடைத்தவற்றின் காலம் ஏறத்தாழ பதினைந்து லட்சம் ஆண்டு என்று 2011-இல் சாந்தி பப்புவும் அவர் குழுவினரும் நிறுவினார்கள். பல்லாவரத்துக் கருவி குவார்ட்சைட் கல்லால் ஆனது. சார்னாக்கைட் குன்றில் விளைவதன்று. தகட்டுத்தகடாக, நினைத்த இடத்தில் சில்லு தெறிக்கும் கல் கருவிக்கு வேண்டும். அக்கால மனிதனுக்கு இம்மலைக் கல்லின் குணம் தெரிந்திருந்தது. அதைத் தொடாமல் விட்டான்.

கவனிக்க வேண்டிய ஒன்று: ஃபூட்டின் கண்டுபிடிப்பும் ஒரு தோண்டு குழியில்தான் நிகழ்ந்தது. சரளை எடுக்காதிருந்தால் கருவி வெளிப்பட்டிருக்காது. கல் வெட்டிக் கப்பலேற்றாதிருந்தால் ஹாலண்டின் பெயர் பிறந்திருக்காது. ஆகவே 'குவாரி மலையை அழித்தது' என்று எழுதுவதற்கு முன் நாம் சற்றுத் தயங்கவேண்டியிருக்கிறது. இந்த மலையை அறிந்ததும் அழித்ததும் ஒரே கைதான்.

இதே கேள்வியை வேறு நிலத்தில் வேறு விதமாக எதிர்கொண்டவர்கள் உண்டு. ஸ்காட்லாந்துக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் புற ஹெப்ரிடீஸ் தீவுகள் இருக்கின்றன. அவற்றின் அடிப்பாறை ஐரோப்பாவின் மிகப் பழைய பாறைகளுள் ஒன்று. முந்நூறு கோடி ஆண்டுவரை வயதுடைய நைஸ். அதற்கு லூயிஸ் தீவின் பெயரையே இட்டு 'லூயிசியன்' என்றார்கள். பிறந்த ஊரின் பெயர் கல்லுக்குக் கிடைத்தது. அத்தீவின் காலனிஷ் என்னுமிடத்தில் ஏறத்தாழ ஐயாயிரம் ஆண்டுக்கு முன் அந்நைஸ் கற்களையே நிமிர்த்திவைத்த வட்டம் இன்றும் நிற்கிறது. தெற்கே ஹாரிஸ் பகுதியில் பாறை நம்முடையதைப் போலவே ஆழத்தின் பெருவெப்பத்தில் வெந்தது. இளையது, ஆனால் உறவுமுறை சொல்லத்தக்கது. அங்கே கடலோரத்தில் ரோனவல் என்றொரு மலை. உயரம் 460 மீட்டர். நிலவின் வெளிறிய மேட்டுநிலங்களில் இருக்கும் அதே அனார்த்தோசைட் வகைப் பாறை அதில் இருக்கிறது. அடிவாரத்தில் ரோடல் என்ற சிற்றூர். அங்கே ஒரு பழைய தேவாலயம். அதனுள் கரிய கல்லில் செதுக்கிய, 1528 என்று ஆண்டு பொறித்த, மக்ளவுட் தலைவர் ஒருவரின் கல்லறை. கல்லறை இல்லாமல் கல்லின் கதை எங்கும் நடப்பதில்லை போலும்.

1991-இல் ஒரு பெரிய நிறுவனம் அம்மலையின் கடலோர முகத்தை வெட்டிச் சாலை ஜல்லியாகக் கப்பலில் ஏற்ற அனுமதி கேட்டது. கடற்கரையில் குவாரி என்றால் கப்பல் பக்கத்திலேயே நிற்கும், செலவு குறைவு. வேலை கிடைக்கும் என்று தீவினர் பலர் முதலில் வரவேற்றார்கள். பிறகு கருத்து மாறிற்று. 1994-இல் தொடங்கிய பொது விசாரணையில் பறவை, கடல், சாலை, வேலைவாய்ப்பு என்று எல்லாம் பேசினார்கள். அதோடு, படைப்பின் பொறுப்பாளன் மனிதன் என்னும் சமய வாதத்தை முன்வைத்து ஒரு இறையியல் பேராசிரியரும், கனடாவின் மிக்மாக் பழங்குடித் தலைவர் ஒருவரும் சாட்சியம் சொன்னார்கள். 2000 நவம்பரில் ஸ்காட்லாந்து அரசு அனுமதி மறுத்தது. 2004-இல் நிறுவனம் முயற்சியைக் கைவிட்டது. மலை முழுதாக இருக்கிறது.

இதைச் சொல்லிவிட்டு நம்மூரைப் பழிப்பது எளிது, நேர்மையன்று. ஹாரிஸில் சில ஆயிரம் பேர். ஜல்லி வேறு ஊர்களின் சாலைகளுக்குப் போக இருந்தது. இங்கோ ஒரு பெருநகரம் தன் வாசலிலேயே கல்லைக் கண்டது. பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிகளின் கல்குவாரிகள் இல்லாமல் தென்சென்னை எழுந்திருக்காது. எங்கள் வீடுகளின் அஸ்திவாரத்திலும் தளத்திலும் அந்த முக்கால் ஜல்லிதான் கிடக்கிறது. குடும்பம் குடும்பமாகக் கல்லுடைத்தவர்களின் கையும் தோளும் அதில் போயின. பாறையில் குழியடித்து மருந்து இட்டு வெடிக்கும் சத்தத்தைக் கொண்டு மதிய வேளையைக் கணக்கிட்டவர்கள் இப்பகுதியில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் எவர் பெயரும் எந்தக் கல்லுக்கும் இடப்படவில்லை.

எங்கள் குறை வேறு. ரோனவலைப் பற்றி அங்கே ஒரு விவாதம் நடந்தது. இம்மலையைப் பற்றி இங்கே நடக்கவில்லை. உலகின் பாறை வகை ஒன்றுக்கு மூலமாதிரி இது என்பது, வெட்டிய காலம் முழுவதும் வெட்டியவர்களுக்கோ வாங்கியவர்களுக்கோ அருகில் குடியிருந்தவர்களுக்கோ தெரியாது. எங்களுக்கும் தெரியாது. இந்திய நிலவியல் ஆய்வுத்துறை தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களின் பட்டியலில் இச்சார்னாக்கைட்டைச் சேர்த்திருக்கிறது. திருவக்கரைக் கல்மரங்களையும் சாத்தனூர்க் கல்மரத்தையும் பார்க்கப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். கல்லாக மாறிய மரம் என்றால் கதை இருக்கிறது. கல்லாகவே இருக்கும் கல்லுக்கு என்ன கதை என்று நினைத்துவிட்டோம்.

வெட்டி முடித்த பள்ளங்களுக்கு மறுவாழ்வு வந்திருப்பதையும் சொல்லவேண்டும். மாங்காடு அருகே சிக்கராயபுரம் குவாரிப் பள்ளங்களில் தேங்கிய மழைநீர் 2017, 2019 வறட்சிகளில் சுத்திகரிக்கப்பட்டுச் சென்னைக்குக் குடிநீராயிற்று. எங்களுக்கு அண்மையில், நன்மங்கலம் காப்புக்காட்டின் கைவிட்ட குவாரி முகங்களில் கொம்பன் ஆந்தை கூடு வைக்கிறது. மனிதன் வெட்டிய செங்குத்தை அது இயற்கைப் பாறைச் சரிவு என்றே எடுத்துக்கொண்டிருக்கிறது. அதே போன்ற பள்ளங்களில் குளிக்கப் போய் மூழ்கிய பிள்ளைகளின் செய்தியும் கோடைதோறும் வருகிறது.

அண்மையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் நால்வர் பல்லாவரம்வரை போய்த் திரும்பினோம். ரேடியல் சாலையில் கீழ்க்கட்டளைக்குச் சற்று முன்னால் ஒரு கட்டடத்துக்கு லாரி ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு துண்டை எடுத்துக் கையிலிருந்த தண்ணீர்ப் புட்டியால் கழுவி வெயிலில் திருப்பிப் பார்த்தோம். பசுங்கருமை, எண்ணெய் மினுக்கு, நடுவே இரண்டு மூன்று இடத்தில் மங்கலான நீலம். எங்கிருந்து வருகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டோம்.

"இங்கெல்லாம் இப்ப ஏதுங்க சார். மதுராந்தகம் தாண்டிப் போகணும்" என்றார்.